மூன்று பேருக்கு மூன்று தேதி

தெருவில் அவளை எடைக்கல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் காய்கறிக் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் முதலில் தராசுத் தட்டைத் துடைப்பார், பிறகுதான் "என்ன வேணும்?" என்பார். அவள் ஒருநாளும் அவரைக் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. தட்டையும் அதில் ஓடும் எண்ணையும் மாறி மாறி ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கே அவர் இரண்டு தக்காளி கூடப் போட்டுவிடுவார்.

தராசு சொல்வதை நம்பாமல் இருப்பதுதான் அவள் தொழில். மருந்து ஆலை, நகைப் பட்டறை, பரிசோதனைக்கூடம் என்று துல்லியமாக நிறுக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் போவாள். தன் எடைக்கற்களைத் தராசின் மேல் வைத்து, அது சொல்வது மெய்யா பொய்யா என்று பார்த்துச் சான்றிதழ் எழுதித் தருவாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. அதில் அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பொய் சொல்லும் தராசு முழித்துக்கொண்டு நிற்காது. நல்ல தராசைப் போலவே பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு சாதுவாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

எடைக்கற்கள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. ஐந்து கிலோவில் தொடங்கி, இரண்டு கிலோ இரண்டு, ஒரு கிலோ ஒன்று என்று இறங்கி, கடைசியில் மீன் செதில் போன்ற மில்லிகிராம் தகடுகள் வரைக்கும் எல்லாம் அதனதன் குழியில் பட்டுத்துணி மேல் படுத்திருக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கே எடையைக் கூட்டிவிடும். கையுறை போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும், அதுவும் அவள்தான் எடுக்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் கணவர்கூட அந்தப் பெட்டியைத் தூக்கியதில்லை. "என் கையைப் பிடிச்சவ, என் கையை நம்ப மாட்டேங்கிறா" என்று அவர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

இந்தப் பெட்டிதான் எல்லா வம்புக்கும் மூலகாரணம்.

அவளுடைய வருஷ வேலையில் பாதி ஒரே ஓர் ஆலையிலிருந்து வந்தது. கடல் தாண்டி ஒரு தீவில் இருந்த மருந்து ஆலை. நாற்பத்தொரு தராசுகள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, குறித்த நாளில், காலை எட்டு மணிக்கு அவள் அங்கே நிற்க வேண்டும். அங்கே போக வழி இரண்டு. சனிக்கிழமை காலையில் ஒரு கப்பல், செவ்வாய், வியாழன், சனியில் ஒரு விமானம். எடைக்கற்களைச் சாமான் பெட்டிகளோடு விமானத்தின் வயிற்றில் போட முடியாது. எங்காவது ஓர் இடி, விளிம்பில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது எடைக்கல் இல்லை, வெறும் உலோகத் துண்டு. கையோடுதான் கொண்டுபோக வேண்டும். சாதாரண வகுப்பில் கையோடு ஏழு கிலோவுக்கு மேல் விட மாட்டார்கள். முதல் வகுப்பில் பதினைந்து கிலோ விடுவார்கள். பெட்டி பதின்மூன்றரை.

ஆகவே அவளுக்கு முதல் வகுப்பு வேண்டியிருந்தது. கால் நீட்டிப் படுக்க அல்ல, பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள.

தனித்தனியாக முதல் வகுப்பு டிக்கெட் எடுத்தால் கட்டுப்படியாகாது. அவளே ஆலைக்குச் சம்பளம் கொடுத்து வேலை பார்த்தது போல ஆகும். அதனால்தான் வருஷ ஆரம்பத்தில் பத்துப் பயண அட்டையை வாங்கினாள். மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டிவிட்டால், பத்துத் தடவை முதல் வகுப்பில் போகலாம். நீல நிறத்தில் வழவழவென்று ஓர் அட்டை. விற்றவர் அவள் அலுவலகத்துக்குக் கீழ்க்கடையில் இருந்த டிக்கெட் அண்ணன். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்று இருவரும் இன்னும் முடிவு செய்துகொள்ளவில்லை.

ஒரு தடவை போய்வந்தது சுகமாக முடிந்தது. அடுத்த தடவைக்கு டிக்கெட் அண்ணன் உதட்டைப் பிதுக்கினார்.

"கார்டுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் சீட் இல்லக்கா. தீர்ந்துபோச்சு."

அவள் குனிந்து அவருடைய கணினித் திரையைப் பார்த்தாள். முதல் வகுப்பில் எட்டுக் கட்டங்கள். ஆறு காலியாக வெள்ளையாகத் தெரிந்தன.

"இதோ இருக்கே அண்ணே. ஆறு இருக்கு."

"அது காசு கொடுத்து வாங்கறவங்களுக்கு. கார்டுக்காரங்களுக்கு ஒரு ஃபிளைட்டுக்கு ரெண்டே சீட்டுதான் ஒதுக்குவாங்க. அந்த ரெண்டும் போயிடுச்சு."

"நானும் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்?"

"நீங்க முன்னாடியே கொடுத்துட்டீங்கக்கா" என்றார் அவர், ஏதோ அவள்தான் அவசரப்பட்டுவிட்டது போல. "கார்டு வாங்கும்போது கொடுத்தாங்களே ஒரு தாள், அதுல போட்டிருக்கும்."

வீட்டுக்கு வந்து தாளைத் தேடி எடுத்துப் பார்த்தாள். போட்டிருந்தது. பதினோராவது பத்தியில், கண்ணாடி போட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய எழுத்தில். அந்தத் தடவை அவள் சனிக்கிழமைக் கப்பலுக்குக் காத்திருந்து, மூன்று நாள் தாமதமாகத் தீவில் இறங்கினாள். ஆலையின் தரப்பிரிவு மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேற ஆளைப் பார்த்துக்க வேண்டியிருக்கும்மா" என்று அமைதியாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு கேள்வி குடைந்தது. அந்த இரண்டு சீட்டை யார் எடுக்கிறார்கள்? மருந்து ஆலையும் உப்புக் காற்றும் மட்டுமே இருக்கும் தீவுக்கு, செவ்வாய்க்கிழமை காலையில், முதல் வகுப்பில், அட்டை வைத்துக்கொண்டு போகிற மகராசன் யார்?

டிக்கெட் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். அவளுக்கு இல்லையென்று சொல்லிவிட்டு, அந்தச் சீட்டை வேறு யாருக்காவது கைமாற்றுகிறார். இப்படி நினைத்த பிறகு அவர் சிரிப்பதெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. "டீ சாப்பிடறீங்களாக்கா?" என்று கேட்டால், எதற்கு இன்றைக்கு டீ என்று தோன்றியது.

பிறகு சந்தேகம் மாடிக்கு ஏறியது. அவள் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவன் கொழுந்தன். கணவரின் தம்பி. நாற்பதை நெருங்குகிறவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. ஃபோன் எடுப்பது, சான்றிதழ் தட்டச்சு செய்வது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவன். ஏழு வருஷமாக ஒரு குறை சொன்னதில்லை. இப்போது யோசித்தால் அதுவே குறையாகப் பட்டது. போன மாதம் அவன், "அண்ணி, ஒரு தடவை நானும் ஆலைக்கு வரட்டுமா? வேலை எப்படி நடக்குதுன்னு பார்க்கணும்" என்று கேட்டிருந்தான். எதற்குப் பார்க்க வேண்டும்? ஆலையின் முகவரி, மேலாளரின் எண், அட்டையின் பாஸ்வேர்டு எல்லாம் அவன் கையில். அவள் பாஸ்வேர்டையே வைத்துக்கொள்வதில்லை. அதைத் தட்டும்போது யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயம். இரண்டு நாள் முன்னால் மாடிப்படியிலிருந்து பார்த்தபோது அவனும் டிக்கெட் அண்ணனும் கடைவாசலில் தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் பேச்சு நின்றது. அல்லது பேச்சு முடிந்திருந்தது. மாடிப்படியிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் மேலாளர் அவளுடைய கைப்பேசிக்கே கூப்பிட்டு அடுத்த தேதியைச் சொன்னார். பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, காலை எட்டு. அதாவது பதினேழாம் தேதி செவ்வாய் விமானம். "மறக்காதீங்கம்மா" என்றார். அந்த மறக்காதீங்கம்மாவில் என்ன இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் தேதியை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தராசு பொய் சொல்கிறது என்று பட்டால் அதோடு சண்டை போட முடியாது. தெரிந்த எடையை வைத்துப் பார்க்க வேண்டும். மனுஷருக்கும் அதையே செய்தால் என்ன? ஆளுக்கு ஒரு பொய்த் தேதி கொடுப்பது. எந்தத் தேதியில் சீட்டு மறைகிறதோ, அந்தத் தேதியைக் கேட்ட ஆள்தான் கள்ளன். விமானக் கம்பெனி எண்ணுக்கு ஃபோன் போட்டுத் தேதியை அழுத்தினால், அட்டைக்காரர்களுக்கு எத்தனை சீட்டு மிச்சம் என்று ஒரு குரல் சொல்லும். அதற்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், யார் தயவும் வேண்டாம்.

திங்கட்கிழமை கொழுந்தனிடம் சொன்னாள். "தம்பி, ஆலைக்குப் பத்தொன்பதாம் தேதி கிளம்பணும்."

"சரி அண்ணி" என்றான், தலையைத் தூக்காமல்.

செவ்வாய்க்கிழமை டிக்கெட் அண்ணன் கடையில் எட்டிப் பார்த்து, "அண்ணே, இருபத்தொண்ணு போகலாம்னு இருக்கேன். அவசரமில்ல, சும்மா சொல்லி வைக்கிறேன்" என்றாள்.

புதன்கிழமை சாப்பாட்டு மேஜையில் கணவரிடம் இருபத்துநாலு என்றாள். அவர் மேல் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. பேருந்துப் பணிமனையில் நேரம் குறிக்கும் வேலை பார்க்கிற மனுஷர், இந்த இருபது வருஷத்தில் ஒரு நிமிஷத்தைக்கூடத் திருடியதில்லை. ஆனாலும் சோதனை என்றால் முறையாகச் செய்ய வேண்டும்.

"இருபத்துநாலா?" என்றார் அவர். "இந்தத் தடவையாவது சீட் கிடைக்குமா?"

"பார்ப்போம்."

"நீ ஏன் என்னை அப்படிப் பார்க்கறே?"

"எப்படிப் பார்க்கறேன்? சாப்பிடுங்க."

சனிக்கிழமை காலை, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோன் போட்டாள். பத்தொன்பது: ஒன்று. இருபத்தொன்று: ஒன்று. பிறகு இருபத்துநாலை அழுத்தினாள். ஒன்று.

மூன்றிலும் ஒவ்வொரு சீட்டு போயிருந்தது. அவள் யாரிடமும் சொல்லாத பதினேழாம் தேதிக்கு மட்டும் குரல், "இரண்டு" என்றது.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கணவருமா? கூடத்தில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட மெதுவாகப் போடுவது போல இருந்தது.

அன்று மதியம் அவள் டிக்கெட் அண்ணன் கடைக்குள் போனபோது கொழுந்தனும் அங்கேதான் இருந்தான், அச்சு இயந்திரத்துக்கு மை வாங்கிக்கொண்டு வந்தவன். இரண்டு பேரும் சேர்ந்தே இருக்கிறார்கள், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். நீல அட்டையை மேஜைமேல் தட்டி வைத்தாள்.

"அண்ணே, பதினேழாம் தேதி. இந்தச் செவ்வாய். ரெண்டு சீட் இருக்கு, எனக்கே தெரியும். என் கண்ணு முன்னாடி போடுங்க."

டிக்கெட் அண்ணன் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தட்டினார். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் சிவப்பு.

"போட முடியாதுக்கா. ஒரு கார்டுல ஒரே நேரத்துல மூணு ஃபர்ஸ்ட் கிளாஸ் புக்கிங்தான் இருக்கலாம். உங்க கார்டுல மூணும் இருக்கு."

"நான் எதுவுமே போடலையே!"

"இருபத்தொண்ணு நான் போட்டேன்க்கா. நீங்க சொன்னீங்களே. போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு நீங்க படி ஏறினதுமே போட்டுட்டேன். கம்பெனி உறுதி பண்ணினதும் சொல்லலாம்னு இருந்தேன். அப்பவே பத்தொன்பதுக்கு ஒண்ணு இருந்துச்சு. வேற ஏதோ வேலைக்குன்னு நினைச்சேன்."

"பத்தொன்பது நான்" என்றான் கொழுந்தன். "நீங்க சொன்ன அன்னிக்கே போட்டேன் அண்ணி. பதிவேட்டுல எழுதியிருக்கேனே, பத்தொன்பதாம் தேதிப் பக்கத்துல."

அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. பொய்த் தேதி, அதில் என்ன இருக்கப்போகிறது என்று விட்டிருந்தாள்.

மூன்றாவது யார் என்று கேட்கவே வேண்டாம். ஆனாலும் கணவருக்கு ஃபோன் போட்டாள்.

"ஆமா, அலமாரிக் கதவுல கார்டு நம்பர் ஒட்டியிருக்கே, அதைப் பார்த்துப் பணிமனையிலேர்ந்து போட்டேன். முக்கால் மணி நேரம் ஃபோன்ல அவங்க போடற பாட்டைக் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றார் பெருமையாக.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ திரும்ப ஃபோன் போட்டுச் சரிபார்ப்பே. ஒரு தடவையாவது என் வேலையை அப்படியே விடேன்னுதான்."

அவள் ஃபோனை வைத்தாள். டிக்கெட் அண்ணன் கேட்காமலேயே அடுத்ததைச் சொன்னார். ஒன்றை ரத்து செய்யலாம். ஆனால் அட்டையில் இடம் விடுபட ஐந்து வேலை நாள் ஆகும். காசு கொடுத்து வாங்கும் முதல் வகுப்பின் விலையையும் சொன்னார். அவள் மறுபடியும் சொல்லச் சொன்னாள். அதேதான். ஆலை கொடுப்பதைவிட அதிகம். கப்பல் அன்று காலையில்தான் போயிருந்தது.

கொழுந்தன் மை டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"பத்தொன்பது, இருபத்தொண்ணு, இருபத்துநாலு" என்றான் மெதுவாக. "மூணு பேருக்கு மூணு தேதியா அண்ணி?"

டிக்கெட் அண்ணன் திடீரென்று ஒரு காகிதத்தைத் தேட ஆரம்பித்தார். இல்லாத காகிதம் என்பது அவர் தேடுகிற விதத்திலேயே தெரிந்தது.

"எங்களைச் சோதிச்சீங்களா?"

"தம்பி…"

"ஏழு வருஷம் ஆச்சு அண்ணி." அவன் குரல் உயரவில்லை. மை டப்பாவை மேஜைமேல் வைத்தான். வெளியே போகப் போகிறான் என்று நினைத்தாள். வாசல் வரைக்கும் போனான். தெருவைப் பார்த்தபடி நின்றான். பிறகு திரும்பாமலே சொன்னான்: "சாதாரண கிளாஸ்ல ஆளுக்கு ஏழு கிலோ. ரெண்டு பேர் போனா பதினாலு. பெட்டியை விட்டுட்டுக் கல்லை மட்டும் பிரிச்சு எடுத்துட்டுப் போகலாம். அஞ்சு கிலோவை நான் எடுத்துக்கறேன். மிச்சம் உங்க கையில."

அவள் முதலில் நினைத்தது, இவன் ஆலைக்கு வர வழி தேடிக்கொண்டான் என்பதுதான். அதை நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் நினைப்பு போகவில்லை.

"உனக்குக் கல்லை எப்படிப் பிடிக்கணும்னு தெரியாதே."

"ஏழு வருஷமா பக்கத்து மேஜையில உட்கார்ந்திருக்கேன். கண்ணை மூடிட்டா உட்கார்ந்திருந்தேன்?"

செவ்வாய்க்கிழமை காலை விமான நிலையத்தில் சோதனை வரிசைகள் இரண்டாகப் பிரிந்தன. அவள் ஒன்றில் விடப்பட்டாள், அவன் இன்னொன்றில். அவளுடைய பையைத் திறந்த பெண் அதிகாரி, எடைக்கல் பற்றி ஆலை கொடுத்திருந்த கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டே நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். அந்தப் பக்கம் கொழுந்தனின் பையைச் சுற்றி மூன்று பேர் கூடிவிட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். உதடுகள் அசைவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஓர் அதிகாரி பைக்குள் கையை விடப் போனார். கொழுந்தன் குறுக்கே தன் கையை நீட்டினான். அதிகாரி ஒரு அடி பின்வாங்கி ஏதோ கத்தினார். கொழுந்தன் கும்பிட்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து அவரிடம் கொடுத்தான்.

அதிகாரி சிரித்துவிட்டார். கையுறையைப் போட்டுக்கொண்டு, குழந்தையைத் தூக்குவது போல அந்தக் கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"என்ன சொன்னே அவர்கிட்ட?" என்றாள், அவன் வந்து சேர்ந்ததும்.

"தொட்டீங்கன்னா எங்க அண்ணி என்னைத் தொலைச்சுடுவாங்கன்னு சொன்னேன்."

அவள் அவன் பையை ஒருமுறை பார்த்தாள். அவன் அதைப் பார்த்தும் பார்க்காதது போல நடந்தான்.

விமானத்துக்குள் முதல் வகுப்பைத் தாண்டித்தான் பின்னால் போக வேண்டும். எட்டு இருக்கைகளில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒரு பல் மருத்துவர், மடியில் கருவிப் பெட்டியோடு. ஜன்னல் ஓரம் மஞ்சள் தலைக்கவசத்தோடு ஒரு பெண், கட்டட வேலைக்குப் போகிறவள் போல. இருவர் கையிலும் நீல அட்டை. இவளைப் போலவே ஏதோ ஒன்றைக் கீழே போட முடியாமல் போகிறவர்கள். மற்ற ஆறு இருக்கைகளும் காலியாக, தலைக்கு வெள்ளைத் துணி விரித்து, யாருக்கோ காத்திருந்தன. நடைபாதையில் நின்றுவிட்டாள். இத்தனை நாளாகத் தன்னைச் சுற்றி இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறாள். சீட்டை ஒளித்து வைத்த கம்பெனிக்காரர்கள் அந்தத் தாளின் பதினோராவது பத்தியில், பேர் போடாமல், நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

"கொஞ்சம் நகருங்கம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவளுக்குப் பதினாலாவது வரிசை, அவனுக்குப் பதினேழு. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் இறங்கும்போது கழுத்து பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அவன் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, முன் இருக்கையின் முதுகையே பார்த்தபடி இருந்தான். ஒரு தடவைகூட அவள் பக்கம் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆலையின் நிறுவை அறையில் இருந்தார்கள். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இவ்வளவும்.

வேலை தொடங்கும் முன் கற்களையே சோதிப்பது வழக்கம். இரண்டு, இரண்டு, ஒன்று: அவள் கொண்டுவந்த மூன்றும் சேர்ந்தால் அவன் கொண்டுவந்த ஐந்துக்குச் சமமாக இருக்க வேண்டும். தன்னுடையதை முதலில் வைத்து எண்ணைக் குறித்தாள். எடுத்தாள். அவனுடையதை வைத்தாள். எண் ஓடியது, தடுமாறியது, நின்றது. சான்றிதழில் இருந்தபடியே, கடைசிப் புள்ளி வரைக்கும்.

அவன் எண்ணைப் பார்க்காமல் பதிவேட்டைத் திறந்தான். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தம்பி" என்றாள். "மூணு தேதி சொன்னது தப்பு. உன்கிட்ட சொன்னதுதான் ரொம்பத் தப்பு."

"அண்ணன்கிட்ட சொன்னதுதான் ரொம்பத் தப்பு அண்ணி. முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டிருக்காரு, பாவம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. பேச்சில்தான் விளையாட்டு, முகம் இன்னும் சனிக்கிழமையிலேயே இருந்தது. அது எப்போது மாறும் என்று அளக்க அவளிடம் கல் இல்லை.

பையிலிருந்து இரண்டாவது ஜோடி கையுறையை எடுத்து நீட்டினாள். "முதல் தராசை நீ பண்ணு."

அவன் அவளையும் கையுறையையும் பார்த்தான். இதுவும் ஏதாவது சோதனையா என்று அவன் யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது. அப்படி யோசிக்கவைத்தது அவள்தான், கேட்டு என்ன ஆகப்போகிறது? கடைசியில் வாங்கிப் போட்டுக்கொண்டான். கல்லை மெதுவாக எடுத்து, தட்டின் நடுவில் ஒரு சத்தமும் இல்லாமல் வைத்தான். அவள் பின்னால் நின்றுகொண்டாள், கையைக் கட்டிக்கொண்டு.

இரண்டாவது தராசுக்கும் நின்றாள், மூன்றாவதுக்கும் நின்றாள். பத்தாவது தராசு முடிந்த பிறகுதான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அவன் கை தெரிகிற பக்கமாக.